சியாங் மாய் பள்ளத்தாக்கில் புகை ஏன் மார்ச்சில் உச்சம் தொடுகிறது?

வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் ஓராண்டு தங்கிப் பணிபுரியப் போகும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்திருப்பதால்தான் அங்கே புகை தேங்குகிறதா? அதுதான் காரணமென்றால், பனிமூட்டம் படியும் ஜனவரியை விட்டுவிட்டு வெயில் கொளுத்தும் மார்ச்சில் காற்று மிக மோசமாவது ஏன்? வீட்டில் இழுப்புத் தொல்லை உள்ள பிள்ளை இருப்பதால், நகருக்கு மேலே மலைச்சரிவில் வீடு எடுத்தால் தப்பிக்க முடியுமா? கிண்ணம் என்ற விளக்கம் பொய்யில்லை. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அது பெரிய காரணமும் இல்லை என்பதே என் கருத்து. ஒரு நாளுக்குள் காற்று எப்போது கெடும், எப்போது தேறும் என்பதைப் பள்ளத்தாக்கு தீர்மானிக்கிறது. எந்த மாதத்தில் கெடும் என்பது பருவத்தைப் பொறுத்தது. எவ்வளவு கெடும் என்பதோ, அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்த காடுகளிலும் வயல்களிலும் அந்த ஆண்டு எவ்வளவு எரிந்தது என்பதைப் பொறுத்தது.

முதலில் நில அமைப்பு. சியாங் மாய், மும்பைக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, கிட்டத்தட்ட அதே அட்சரேகையில், கடல்மட்டத்துக்கு 310 மீட்டர் மேலே பிங் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மேற்கே, நகரை ஒட்டினாற்போல் 1,676 மீட்டர் உயரமான தோய் சுதேப் மலை எழுகிறது. கிழக்கே லம்பூனுக்கும் லம்பாங்குக்கும் இடையில் குன் தான் மலைத்தொடர். வடக்கே 2,000 மீட்டரைத் தாண்டும் தோய் சியாங் தாவ். தென்மேற்கே, நாட்டின் மிக உயர்ந்த சிகரமான 2,565 மீட்டர் தோய் இந்தனான். பெருங்காற்றுகள் இந்த மலைமுகடுகளுக்கு மேலாகவே கடந்துவிடுவதால், கீழே சமவெளியில் உலர்பருவக் காற்றின் வேகம் பல நாட்களில் மரத்தின் இலை அசைவதோடு நின்றுவிடுகிறது.

இரவில் நடப்பதைக் கவனித்தால் பள்ளத்தாக்கின் பங்கு விளங்கும். உலர்பருவத்தில் வானம் தெளிவாக இருப்பதாலும் காற்றில் ஈரம் குறைவாக இருப்பதாலும், சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வேகமாக வானுக்கு இழக்கிறது. தரையோடு ஒட்டியிருக்கும் காற்று முதலில் குளிர்கிறது. சரிவுகளில் குளிர்ந்த காற்று எடை கூடி, ஓடை நீரைப் போலவே கீழ்நோக்கி வழிந்து சமவெளியில் தங்குகிறது. வழக்கமாக உயரம் கூடக்கூட வெப்பநிலை குறையவேண்டும். இங்கோ அடியில் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றுமாக வரிசை தலைகீழாகிவிடுகிறது. இதைத்தான் தலைகீழ் வெப்ப அடுக்கு என்கிறோம். கனமான காற்று அடியிலும் இலேசான காற்று மேலேயும் இருக்கும்போது மேலெழும் அசைவுக்கே இடமில்லை. கீழே வெளிப்படும் புகை சில நூறு மீட்டருக்குள் அடைபடுகிறது. தாய்லாந்தின் வடபகுதிக்குக் குளிர்காலத்தில் வரும் சுற்றுலாப் பயணிகள் விடியலுக்கு முன்பே எழுந்து மலையேறிப் பார்க்கும் மேகக்கடல் இதே அடுக்கின் மேற்பரப்புதான் என்பதும், அவர்கள் படமெடுக்கும் அந்த வெண்மையின் அடியில் மக்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. இரவில் புகை 200 மீட்டர் உயரத்துக்குள் அடைபடுகிறது என்றும், அதே அளவு புகை பிற்பகலில் 2,000 மீட்டர் வரை கலந்துவிடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், வேறெதுவும் மாறாமலேயே அதன் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடும். தீ மூட்டும் கையோ, வண்டியின் புகைக்குழாயோ மாறவில்லை. கலப்பதற்குக் கிடைத்த உயரம் மட்டுமே மாறியிருக்கிறது. காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் அளவுமானி காட்டும் வேறுபாட்டில் பெரும்பகுதி இதனால்தான் வருகிறது.

இதோடு பெரும்பரப்பில் இயங்கும் ஒரு காரணமும் சேர்கிறது. அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை சீனப் பெருநிலத்தின் உயரழுத்தக் காற்று வடகிழக்குப் பருவக்காற்றாக இங்கே பரவுகிறது. தமிழ்நாட்டுக்கு வங்கக்கடலைக் கடந்து வந்து மழை தருவது அதே பருவக்காற்றுதான். கடலைக் காணாமல் நிலத்தின் வழியே வந்துசேரும் வட தாய்லாந்துக்கு அது வறட்சியை மட்டுமே தருகிறது. உயரழுத்தப் பகுதியில் மேலிருக்கும் காற்று மெல்லக் கீழிறங்கும். இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகும். அதனால் பல நூறு மீட்டர் உயரத்தில் இரண்டாவது தடுப்பு ஒன்று உருவாகிவிடுகிறது. தரையோடு ஒட்டிய தலைகீழ் அடுக்கு காலை வெயிலில் கலைந்துவிடும்; மேலேயிருக்கும் இந்தத் தடுப்பு சில நாட்கள் தொடர்ந்து நிற்கக்கூடியது.

இவ்வளவும் மிக வலுவாக இருப்பது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். இரவு மிக நீளமானதும், குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 15 டிகிரிக்கு இறங்குவதும், காற்று மிக அமைதியாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். கிண்ணம்தான் முதற்காரணம் என்றால் ஆண்டின் மிக மோசமான காற்று அப்போதே இருந்திருக்கவேண்டும். அப்படி இல்லை. காலை நேரம் மங்கலாக இருக்கும், நுண்துகள், அதாவது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிகச்சிறிய துகள், மழைக்காலத்தைவிடக் கூடியிருக்கும், அவ்வளவுதான். மார்ச்சிலோ பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுகிறது, தரை கொதிக்கிறது, தெளிந்த நாட்களில் கலக்கும் உயரம் இரண்டு கிலோமீட்டரையும் கடக்கிறது. அதாவது மலைமுகட்டுக்கும் மேலே காற்று புரள்கிறது. ஆண்டிலேயே கிண்ணம் மிக நன்றாகத் திறந்திருக்கும் அந்த மாதத்தில்தான் புகை உச்சத்தைத் தொடுகிறது. கேட்டவரின் இரண்டாவது கேள்வி இந்த முரணைச் சரியாகத் தொட்டிருக்கிறது.

பள்ளத்தாக்கே முழுக் குற்றவாளியாக இருந்த ஒரு நிகழ்வைப் பார்க்கவேண்டுமென்றால் பக்கத்து மாகாணமான லம்பாங்குக்குப் போகவேண்டும். அங்கே மே மோ என்ற மலைசூழ்ந்த சிறு படுகையில் பழுப்பு நிலக்கரியை எரிக்கும் பெரிய அனல் மின்நிலையம் இருக்கிறது. 1992 அக்டோபரில், மழை முடிந்து குளிர் தொடங்கும் தறுவாயில், தலைகீழ் அடுக்கில் சிக்கிய கந்தக டை ஆக்சைடு காலையில் கிராமங்களின்மேல் இறங்கி, நூற்றுக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்குப் போக நேர்ந்தது, பயிர்களும் கருகின. பிறகு புகைபோக்கிகளில் கந்தகம் நீக்கும் கருவிகள் பொருத்தப்பட்டதும் நிலைமை வெகுவாகச் சீரானது. நச்சு ஓரிடத்திலிருந்து, அந்தப் படுகைக்குள்ளிருந்தே கிளம்பியது. அதனால் அந்த ஓரிடத்தைச் சரிசெய்ததும் தீர்வு கிடைத்தது. சியாங் மாய்க்கு அப்படி அடைக்கத்தக்க ஒரு புகைபோக்கி கிடையாது.

அங்கே எரிவது காடும் வயலும். அந்த மலைகளில் பெரும்பகுதி இலையுதிர் காடுகள். மழை நின்ற இரண்டு, மூன்று மாதங்களில் மரங்கள் தண்ணீரைச் சேமிக்க இலைகளை உதிர்க்கின்றன. பிப்ரவரி கடைசியில் தரையெங்கும் காய்ந்த சருகு கனத்த விரிப்பாகக் கிடக்கும். இந்தச் சருகில் ஓடும் தரைத்தீ மரங்களைப் பெரும்பாலும் கொல்வதில்லை. மழை வந்ததும் காடு பழையபடி துளிர்த்துவிடும் என்பதால் தீ வைப்பது அவ்வூராருக்குப் பெருங்குற்றமாகத் தோன்றியதும் இல்லை. உலர்காலத்தில் அங்கே மின்னல் அரிது என்பதால், ஏறத்தாழ எல்லாத் தீயும் மனிதர் வைப்பதுதான். காரணங்கள் பல: கோடை மழைக்குப்பின் மண்ணில் முளைத்து நல்ல விலைக்குப் போகும் உருண்டைக் காளானைச் சருகு மறைக்காமல் இருக்க, மாட்டுக்கு இளம்புல் தளிர்க்க, வேட்டைக்கு, அடுத்த விதைப்புக்கு நிலத்தைத் துப்புரவாக்க. மலைவாழ் மக்களின் சுழற்சி வேளாண்மை மீதே பழி முழுவதையும் போடுவது நகரத்தாரிடம் உள்ள வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் சரிவுகளில் பெருகியது கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம். எந்திரம் ஏற முடியாத செங்குத்தான நிலத்தில் அறுவடைக்குப்பின் எஞ்சும் தட்டையைக் கையால் அகற்றக் கூலி கட்டாது. தீக்குச்சிக்குச் செலவே இல்லை. இதே மக்காச்சோளம் எல்லைக்கு அப்பால் மியான்மரின் ஷான் மாநிலத்திலும் லாவோசிலும் பரவியிருக்கிறது. தாய்லாந்து தன் மாவட்டங்களில் தீயை முற்றிலும் நிறுத்தினாலும் எல்லை தாண்டி வரும் புகை நிற்காது.

மார்ச் மாதத்துப் புகை பள்ளத்தாக்குக்குள் அடைபட்ட புகை அல்ல என்பதற்கு நல்ல சான்று, அது எங்கே போய்ச்சேருகிறது என்பதே. பிற்பகலில் மேலெழும் புகை மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மேலைக்காற்றில் ஏறித் தென்சீனத்தைக் கடந்து தைவான் வரை செல்கிறது. அங்கே 2,862 மீட்டர் உயரத்திலுள்ள லூலின் மலை ஆய்வுநிலையம் ஒவ்வோர் இளவேனிலிலும் இந்தோசீனத் தீயின் தடயங்களை அளந்துவருகிறது. ஆக, கிண்ணம் வழிகிறது. வழிந்தும் நிரம்பியே இருக்கிறது, ஏனெனில் சுற்றிலும் உள்ள வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் புகைகிறது. கலக்கும் உயரம் கூடினால் செறிவு குறையும் என்ற கணக்கு, மேலிருந்து கலக்க வரும் காற்று தூய்மையாக இருந்தால்தான் பலிக்கும். மேலேயும் புகை என்றால் காலையில் நேர்மாறாகவே நடக்கும்: தலைகீழ் அடுக்கு உடையும் 9, 10 மணி அளவில், இரவெல்லாம் அதற்குமேல் தங்கியிருந்த புகை கீழே இழுத்துவரப்பட்டு, நகரில் நுண்துகள் திடீரென ஏறும். கெட்டியான புகைமூட்டம் வெயிலைத் தடுத்துத் தரையின் சூட்டையும் குறைப்பதால் கலக்கும் உயரமும் சுருங்குகிறது. இவ்வாறு புகை, தான் தங்குவதற்குத் தானே வழிசெய்துகொள்கிறது. கூடவே, அந்த வெயிலில் புகையின் வாயுக்கள் வினைபுரிந்து ஓசோனும் பிற்பகலில் கூடுகிறது.

அளவைச் சொல்லாமல் இது முழுமையாகாது. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகளுக்கு, ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். தாய்லாந்தின் சட்ட வரம்பு 50ஆக இருந்து, 2023 ஜூன் முதல் 37.5ஆகக் குறைக்கப்பட்டது. மழைக்காலத்தில் சியாங் மாய் பெரும்பாலும் இந்த 15க்குள்ளேயே இருக்கும். மோசமான ஆண்டின் மார்ச்சில் 100ஐத் தாண்டும் நாட்கள் தொடர்ந்து வரும். 2019இலும் 2023இலும் அப்படித்தான் நடந்தது, உலகப் பெருநகரங்களின் நேரடித் தரவரிசையில் பல நாட்கள் இந்நகரே முதலிடத்தில் நின்றது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர் இங்கே ஏமாறுவார். ஆறேழு மாத நல்ல காற்று, இரண்டு மாத நஞ்சை அந்த எண்ணுக்குள் மறைத்துவிடும்.

இதற்கு முடிவுகட்டுவது மழை. ஏப்ரலில் சீனத்திலிருந்து வரும் குளிர்காற்று, வங்கக்கடலின் ஈரம் ஏறிய வெப்பக் காற்றோடு மோதும்போது ஆலங்கட்டியோடு கூடிய கோடை இடிமழை கொட்டும். ஒரே இரவில் நுண்துகள் வெகுவாக இறங்கும். ஆனால் அந்த மழை காற்றைக் கழுவுவதைவிட முக்கியமான வேலை சருகை நனைப்பது. அரைமணி நேர மழை காற்றை ஒரு நாளுக்குத் தூய்மையாக்கும். மூன்று நாள் வெயிலில் சருகு மீண்டும் காய்ந்து தீப்பிடிக்கும். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று நிலைபெற்ற பிறகே புகைக்காலம் முடிந்தது என்று நம்பலாம். ஆண்டுக்கு ஆண்டு உள்ள வேறுபாடும் இங்கிருந்தே வருகிறது. 2011 மார்ச்சில் வழக்கத்துக்கு மாறாகக் குளிரும் மழையும் வந்தன, அவ்வாண்டு புகை மிகக் குறைவு. 2022இலும் உலர்பருவத்தில் மழை தலைகாட்டியதால் தீ அடங்கியிருந்தது. எரியாமல் மிஞ்சிய சருகும் சேர்ந்து 2023இல் எரிந்தது. மலைகள் எல்லா ஆண்டும் அதே மலைகள்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

வெப்பமண்டலப் பள்ளத்தாக்கு என்ற ஒரே பெயரின்கீழ் எல்லா ஊர்களையும் சேர்த்துப் பேசுவதும் சரியாகாது. கொலம்பியாவின் மெடெயின் நகரம் அமைந்துள்ள அபுர்ரா பள்ளத்தாக்கு 1,500 மீட்டர் உயரத்தில், இருபுறமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் எழும் மலைகளுக்கு நடுவே மிகக் குறுகலாக இருக்கிறது. அங்கும் மார்ச் மோசமான மாதம். 2016 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கவேண்டியதாயிற்று. ஆனால் அங்கே நடப்பது வேறு. வறண்ட காலம் முடிந்து முதல் மழைக்காலம் தொடங்கும் அந்த இடைப்பொழுதில் தாழ்ந்த மேகங்கள் வெயிலை மறைக்கின்றன. தரை சூடேறாததால் கலக்கும் உயரம் முகட்டை எட்டாமல் போகிறது. உள்ளேயே ஓடும் லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள்களின் புகை உள்ளேயே தங்குகிறது. கிண்ணம் என்ற விளக்கம் அந்த ஊருக்கே நன்றாகப் பொருந்தும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அறிந்த புகைமூட்டமோ இரண்டிலும் சேராது; இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை எரிவதால் வருவது அது. அவர்களுக்குப் புகை வரும் மாதங்களில் சியாங் மாய் மழையில் குளித்துக்கொண்டிருக்கும்.

அரசின் நடவடிக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். பல ஆண்டுகளாக மாகாண ஆளுநர்கள் நாள் குறித்து, சுமார் இரண்டு மாதம் எரிப்புத் தடை விதித்துவந்தார்கள். நாள் குறித்த தடை எரிப்பைக் குறைப்பதைவிட அதிகமாக நகர்த்தியது: தடை தொடங்குமுன் அவசர அவசரமாக ஒரு சுற்று, முடிந்ததும் இன்னொரு சுற்று. தீயைக் கண்காணிக்கும் செயற்கைக்கோள் பிற்பகல் ஒன்றரை மணி அளவில் கடந்துவிடும் என்று தெரிந்தவர்கள் அதற்குப் பிறகு மூட்டினால், தீயின் எண்ணிக்கை காகிதத்தில் குறையும், புகை குறையாது. மாலையில் மூட்டிய தீயின் புகை நேராக இரவின் தலைகீழ் அடுக்குக்குள் போவதால் கேடு கூடவே செய்யும். சியாங் மாய் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபயர் டி என்ற செயலி, எரித்தே ஆகவேண்டிய நிலத்துக்கு முன்பதிவு வாங்கி, காற்று நன்றாகக் கலையும் நாளில் அனுமதி தருகிறது. பள்ளத்தாக்கின் இயல்பை அறிந்து செய்யப்பட்ட ஏற்பாடு இது. மக்காச்சோளத்தின் பொருளாதாரத்தை மாற்றாமல் இது மட்டும் போதாது என்றாலும், தடையைவிட அறிவுக்கு உகந்தது. 2024 ஜனவரியில் சியாங் மாய் நிர்வாக நீதிமன்றம், பொதுமக்கள் தொடுத்த வழக்கில், 90 நாட்களுக்குள் அவசரத் திட்டம் வகுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.

இனி மூன்றாவது கேள்வி, சரிவில் வீடு. தோய் சுதேப்பின் புகழ்பெற்ற கோயில் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜனவரிக் காலையில் அங்கே நின்றால் புகை காலுக்குக் கீழே இருக்கும், நீங்கள் தெளிந்த காற்றில் இருப்பீர்கள். மார்ச்சில் அந்த உயரமும் உதவாது. வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளோ அவ்வளவு மேலேயும் இல்லை. மலையடிவாரத்தில், நகரைவிடச் சிறிதளவே உயர்ந்த இடங்களில் உள்ளவை. அந்த இடங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு: மேலே காடு எரியும்போது, இரவில் சரிவில் இறங்கும் குளிர்காற்று அந்தப் புகையை ஓடைப்பள்ளங்களின் வழியே முதலில் அடிவாரத்து வீடுகளுக்குத்தான் கொண்டுசேர்க்கும். 2020 மார்ச்சில் தோய் சுதேப் மலையே எரிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உயரத்துக்காக அதிக வாடகை கொடுக்கவேண்டாம். கட்டடத்தின் இறுக்கத்துக்காகக் கொடுங்கள். பலகைகளுக்கிடையே காற்று புகும் பழைய தேக்குமர வீடு கண்ணுக்கு அழகு; அங்கே எந்தக் காற்றுச் சுத்திகரிப்பானும் பயன்தராது. சன்னல்கள் நன்றாக மூடும் ஓர் அறையையாவது, பிள்ளை தூங்கும் அறையாகத் தேர்ந்து, அதன் பரப்புக்கு ஏற்ற, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள சுத்திகரிப்பானை வையுங்கள்.

மாதங்களைப் பொறுத்தவரை, ஜூன் முதல் நவம்பர் வரை கவலையில்லை. டிசம்பர், ஜனவரியில் விளையாட்டையும் நடைப்பயிற்சியையும் விடியற்காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினாலே பெரும்பகுதித் தீங்கு குறையும். பிப்ரவரி நடுவிலிருந்து, சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் டஸ்ட்பாய் என்ற நுண்துகள் அளவுமானிகளில் உங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ளதை நாள்தோறும் பாருங்கள். நகரின் பொதுச் சராசரி போதாது. மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான் புத்தாண்டு வரை, இழுப்புள்ள பிள்ளையைத் தென் தாய்லாந்துக்கோ ஊருக்கோ அனுப்ப முடியுமானால் உங்கள் ஆண்டு விடுப்பை அதற்கே ஒதுக்குங்கள். அலுவலகத்தில் இதை முன்கூட்டியே, வேலை ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்வது நல்லது. மார்ச் வந்தபின் விடுப்புக் கேட்பவர்கள் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கமாட்டீர்கள்.